ஜேகோபி முற்றொருமை தளரும்போது சீர்மங்களுக்கும் தீர்க்கத்தக்க தன்மைக்கும் என்ன ஆகிறது?

கேள்வி: இடப்பெருக்கல்

அனைவருக்கும் வணக்கம். லீ இயற்கணிதங்கள் பற்றிய முதல் பாடத்தை முடித்துவிட்டு, அவற்றைப் பொதுமைப்படுத்தும் லைப்னிட்ஸ் இயற்கணிதங்களையும் மால்ட்செவ் இயற்கணிதங்களையும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். வகுப்பறையில் ஐடியல் என்றே சொல்லிப் பழகிய சீர்மத்தைப் பற்றியும், தீர்க்கத்தக்க தன்மையைப் பற்றியும் சில ஐயங்கள் உள்ளன.

குறியீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அ என்பது ஒரு களத்தின் மீதமைந்த முடிவுறு பரிமாணமுள்ள இயற்கணிதம். பெருக்கலைப் புள்ளியால் குறிக்கிறேன். சேர்ப்பு விதி உட்பட எந்த விதியையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவில்லை. சீர்மம் என்றால் எப்போதும் இருபக்கச் சீர்மம்தான். ச, ஞ இரண்டும் உள்வெளிகளானால், ச·ஞ என்பது அவற்றின் உறுப்புகளின் பெருக்கற்பலன்கள் எல்லாவற்றின் நேரியல் சேர்க்கைகளாலும் உண்டாகும் உள்வெளி. ச₀ = ச, ச₁ = ச₀·ச₀, ச₂ = ச₁·ச₁ என்று தொடரும் வரிசை எப்போதாவது சுழியை அடைந்தால் ச தீர்க்கத்தக்கது.

லீ இயற்கணிதங்களில் ச, ஞ இரண்டும் சீர்மங்களானால் ச·ஞ-வும் சீர்மம் என்பதை க·(த·ப) + த·(ப·க) + ப·(க·த) = 0 என்ற ஜேகோபி முற்றொருமையிலிருந்து ஒரே வரியில் நிறுவிவிடுகிறோம். அதன்பின் மிகப்பெரிய தீர்க்கத்தக்க சீர்மமாகிய ராடிக்கல், ராடிக்கல் சுழியாக இருக்கும் அரை-எளிய தன்மை, ராடிக்கலையும் அரை-எளிய பகுதியையும் தனித்தனியாக்கும் லெவி பிரிப்பு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. இவற்றில் எது உண்மையிலேயே ஜேகோபியைச் சார்ந்திருக்கிறது, எது அது இல்லாமலே நிற்கும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. முதலாவதாக, பொதுவான இயற்கணிதத்தில் ராடிக்கல் என்ற ஒன்று இருக்கும் என்று சொல்ல முடியுமா? இரண்டாவதாக, லைப்னிட்ஸ் இயற்கணிதத்தில் இரண்டு சீர்மங்களின் பெருக்கற்பலன் சீர்மமாகுமா? வலப்பக்கப் பெருக்கலைச் சரிபார்க்கும்போது ச·ஞ-விற்குள் அடங்காத ஓர் உறுப்பு எஞ்சி நிற்கிறது. அதை விலக்க வழி தெரியவில்லை. மூன்றாவதாக, எளிய லைப்னிட்ஸ் இயற்கணிதம் என்று அழைக்கப்படும் ஒன்றுக்குள்ளேயே, வர்க்கம் சுழியான, சுழியல்லாத சீர்மம் இருக்கலாம் என்று படித்தேன். அப்படியானால் எளிய என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

மறுமொழி 1: அரைஎளியன்

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லைப்னிட்ஸைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ராடிக்கல் இருக்கிறது. அதற்கு ஜேகோபி தேவையில்லை, எதிர்ப்பரிமாற்றுப் பண்பும் (க·த = −த·க) தேவையில்லை, வேறெந்த முற்றொருமையும் தேவையில்லை. ச ஒரு சீர்மம் என்றும், ச-வும் ஈவு இயற்கணிதமான அ/ச-வும் தீர்க்கத்தக்கவை என்றும் கொள்ளுங்கள். ஈவு தீர்க்கத்தக்கது என்றால், அ₀, அ₁, அ₂ என்ற வரிசை ஏதோ ஒரு படியில் ச-விற்குள் விழுந்துவிடுகிறது. விழுந்தபின் அதன் ஒவ்வோர் உறுப்பும் ச-வின் சொந்த வரிசையில் அதற்கு நேரான உறுப்புக்குள் அடங்கும். எனவே அது சுழியை அடைந்தே தீரும். ஆக, அ தீர்க்கத்தக்கது. இனி ச, ஞ இரண்டும் தீர்க்கத்தக்க சீர்மங்களானால், (ச+ஞ)/ஞ என்பது ச/(ச∩ஞ) என்பதற்கு ஐசோமார்ஃபிக். தீர்க்கத்தக்கதன் ஈவு தீர்க்கத்தக்கது. ஆகவே சற்றுமுன் சொன்ன கூற்றின்படி ச+ஞ-வும் தீர்க்கத்தக்கது. முடிவுறு பரிமாணத்தில், மிக அதிகப் பரிமாணமுள்ள தீர்க்கத்தக்க சீர்மம் மற்ற எல்லாத் தீர்க்கத்தக்க சீர்மங்களையும் உள்ளடக்கியாக வேண்டும். அதனால் வகுத்துக் கிடைக்கும் ஈவின் ராடிக்கல் சுழி என்பதும் அதே கூற்றிலிருந்து வருகிறது.

லீ இயற்கணிதப் பாடநூல்களில் இந்த நிறுவல் ஜேகோபிக்குப் பிறகே அச்சாகியிருப்பதால், அதற்குள் ஜேகோபி எங்கோ ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. வரிவரியாகப் படித்தால் அது எங்கும் வரவில்லை என்பது தெரியும்.

ஜேகோபி உண்மையில் தருவது வேறொன்று. அ₁ = அ·அ எப்போதும் சீர்மம்தான். ஆனால் அ₂ என்பது அ₁-இன் சீர்மமே தவிர, அ-வின் சீர்மமாக இருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. லீ இயற்கணிதத்தில் வரிசையின் உறுப்புகள் எல்லாம் மூல இயற்கணிதத்தின் சீர்மங்களாகவே இருப்பதால், சுழியாவதற்குச் சற்றுமுன் உள்ள கடைசி உறுப்பு, வர்க்கம் சுழியான ஒரு சீர்மமாக அமைகிறது. ‘ராடிக்கல் சுழி’ என்பதும் ‘வர்க்கம் சுழியான, சுழியல்லாத சீர்மம் எதுவும் இல்லை’ என்பதும் அங்கே ஒன்றாவது இதனால்தான். ஜேகோபி போனால் இந்த ஒற்றுமையும் போய்விடும். மூன்று பரிமாணத்திலேயே அதைக் காட்டலாம்.

த, ப, ம என்ற மூன்று உறுப்புகளை அடிக்கணமாகக் கொண்டு, எதிர்ப்பரிமாற்றுப் பெருக்கல் ஒன்றை இவ்வாறு வரையறுங்கள்: ப·ம = ப, த·ப = ம, த·ம = 0. இங்கே அ₁ என்பது ப, ம இரண்டாலும் உண்டாகும் உள்வெளி, அ₂ என்பது ப மட்டும் உண்டாக்கும் கோடு, அ₃ சுழி. ஆகவே இந்த இயற்கணிதம் முழுவதும் தீர்க்கத்தக்கது. அ₂ சீர்மமா என்று பாருங்கள். த·ப = ம, அது அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. வேறு சிறிய சீர்மம் உண்டா? அ₁-க்குள் ம-வின் கெழு சுழியல்லாத ஓர் உறுப்பை எடுத்து ப-வால் பெருக்கினால் ப கிடைக்கும். ப கிடைத்தால் த-வால் பெருக்கி ம-வும் கிடைக்கும். த-வின் கெழு சுழியல்லாத உறுப்பை ப-வால் பெருக்கினால் அ₁-இல் சுழியல்லாத உறுப்பு ஒன்று வந்து சேரும். எனவே சுழியல்லாத சீர்மங்கள் அ₁-உம் அ-வும் மட்டுமே. இரண்டின் வர்க்கமும் சுழியல்ல. முழுமையாகத் தீர்க்கத்தக்க ஓர் இயற்கணிதத்துக்குள், வர்க்கம் சுழியான, சுழியல்லாத சீர்மம் ஒன்றுகூட இல்லை என்பதே இதன் பொருள்.

இதே எடுத்துக்காட்டில் இன்னொன்றும் உடைகிறது. சிறப்பியல்பு எண் சுழியான களத்தின் மீது ஒரு லீ இயற்கணிதம் தீர்க்கத்தக்கதானால், அதன் வர்க்கம் நில்பொடென்ட் ஆகும், அதாவது அதன் உறுப்புகளில் போதுமான எண்ணிக்கையைப் பெருக்கினால், எப்படி அடைப்பிட்டாலும் சுழியே வரும். இங்கே அ₁-க்குள் ப·ம = ப என்பதால், ம-வால் எத்தனை முறை பெருக்கினாலும் ப அழியாமல் நிற்கிறது.

நில்பொடென்ட் சீர்மங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஜேகோபி இல்லாததன் இழப்பு அங்கேதான் இன்னும் பெரிது. தீர்க்கத்தக்க சீர்மங்களின் கூட்டல் எந்த விதியும் இல்லாமலே தீர்க்கத்தக்கது என்றோம். நில்பொடென்ட் சீர்மங்களுக்கு அது பொய். க, ட, ப, ம என்ற நான்கையும் அடிக்கணமாகக் கொண்டு, எதிர்ப்பரிமாற்றுப் பெருக்கலில் க·ப = ம, ட·ம = ப, அடிக்கண உறுப்புகளின் மற்றப் பெருக்கற்பலன்கள் எல்லாம் சுழி என்று வையுங்கள். க, ப, ம மூன்றும் உண்டாக்கும் உள்வெளி ஒரு சீர்மம்; அதற்குள் க·ப = ம மட்டுமே சுழியல்லாத பெருக்கற்பலன் என்பதால் அது நில்பொடென்ட். ட, ப, ம மூன்றும் உண்டாக்குவதும் அவ்வாறே. இரண்டின் கூட்டல் முழு இயற்கணிதம். அங்கே க-வும் ட-வும் மாறிமாறிப் பெருக்க, ப ம-வாகி, ம மீண்டும் ப-வாகி, முடிவே இல்லை. லீ இயற்கணிதமாக இருந்திருந்தால் க, ட இரண்டின் இடப்பெருக்கல்களும் பரிமாற்று விதிக்கு உட்படாததற்கு க·ட என்ற உறுப்பு பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அந்த உறுப்பு இரண்டு சீர்மங்களிலும் கிடந்தாக வேண்டும். அந்த நெருக்கடியிலேயே இப்படிப்பட்ட அமைப்பு உருவாகாமல் போய்விடும். இங்கே க·ட = 0 என்று வைத்தும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இடப்பெருக்கல்

மிக்க நன்றி. ராடிக்கல் இருப்பதற்கும், அது பயனுள்ளதாக இருப்பதற்கும் வேறு வேறு காரணங்கள் என்று புரிந்துகொள்கிறேன். லைப்னிட்ஸ் இயற்கணிதங்கள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன?

மறுமொழி 2: வலக்கை வாய்பாடு

லீயின் பக்கத்தில்தான், மிக நெருக்கமாக நிற்கின்றன.

எந்தப் பக்கத்து லைப்னிட்ஸ் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். புளோஹ் 1965-இல் இந்த இயற்கணிதங்களை வேறு பெயரில் ஆராய்ந்தார். ஜான்-லூயி லோடே 1993-இல் இன்றைய பெயரோடு மீண்டும் கொண்டுவந்த பின்னரே அவை பரவலாயின. லோடே எழுதியது வலப்பக்க வடிவம். நான் இடப்பக்க வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன், அதாவது ஒவ்வோர் இடப்பெருக்கலும் ஒரு டெரிவேஷன் (வகையிடலின் பெருக்கல் விதியைப் பின்பற்றும் உருமாற்றம்):

க·(த·ப) = (க·த)·ப + த·(க·ப).

ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் என்பதால் தேற்றங்களில் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் குறியைக் கவனிக்காவிட்டால் வீணாக ஒரு நாள் போகும்.

பெருக்கற்பலனுக்கு வருவோம். ச, ஞ சீர்மங்கள். க ∈ ச, த ∈ ஞ என்க. இடப்பக்கம் ப-வால் பெருக்கினால், ப·(க·த) = (ப·க)·த + க·(ப·த); இரண்டு உறுப்புகளும் ச·ஞ-விற்குள். வலப்பக்கம் பெருக்கினால், (க·த)·ப = க·(த·ப) − த·(க·ப). முதல் உறுப்பு ச·ஞ-வில் இருக்கிறது. இரண்டாவது ஞ·ச-வில் இருக்கிறது. உங்களிடம் எஞ்சி நிற்பது இந்த இரண்டாவது உறுப்புதான், அதை விலக்க வழியே கிடையாது. ஆகவே பொதுவாகச் சீர்மமாவது ச·ஞ + ஞ·ச என்ற கூட்டல்தான்.

விலக்க முடியாது என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? ஆறு பரிமாணத்தில் ஒன்று தருகிறேன். க, ட, ந என்ற மூன்றும் ஹைசன்பெர்க் லீ இயற்கணிதம்: க·ட = ந, ட·க = −ந, மற்றவை சுழி. ப₁, ப₂, ப₃ என்ற மூன்றின் மீது அவை இடப்பக்கத்திலிருந்து மட்டும் செயல்படட்டும்: க·ப₂ = ப₁, ட·ப₃ = ப₂, ந·ப₃ = ப₁; மற்றவை சுழி. ப-க்கள் இடப்பக்கம் நின்றால் எப்போதும் சுழி. இது லைப்னிட்ஸ் முற்றொருமையை நிறைவு செய்கிறது. இப்போது ச என்பது க, ந, ப₁ உண்டாக்கும் உள்வெளி. ஞ என்பது ட, ந, ப₁, ப₂ உண்டாக்கும் உள்வெளி. இரண்டும் சீர்மங்கள். ஞ·ச-வைக் கணக்கிடுங்கள்: ட·க = −ந; ட·ந, ட·ப₁, ந·க, ந·ப₁ எல்லாம் சுழி. எனவே ஞ·ச என்பது ந உண்டாக்கும் கோடு. ஆனால் ந·ப₃ = ப₁ அந்தக் கோட்டில் இல்லை; ஞ·ச சீர்மமல்ல. மறுபக்கம் ச·ஞ-வில் க·ப₂ = ப₁-உம் சேர்ந்துகொள்வதால் அது சீர்மமாகவே இருக்கிறது. ஒரே இணை, வரிசை மாறினால் விடை மாறுகிறது.

இது பார்க்கப் பயமுறுத்தினாலும், தீர்க்கத்தக்க தன்மைக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. ஞ = ச என்று வைத்தால் ச·ஞ-வும் ஞ·ச-வும் ஒன்றே; ஆகவே ச₁ = ச·ச எப்போதும் முழு இயற்கணிதத்தின் சீர்மம், ச₂-உம் அவ்வாறே, தொடர்ந்து எல்லாமே. அரைஎளியன் காட்டிய மூன்று பரிமாண விபத்து லைப்னிட்ஸில் நிகழாது: தீர்க்கத்தக்க, சுழியல்லாத சீர்மம் ஒன்று இருந்தால், அதற்குள் வர்க்கம் சுழியான, சுழியல்லாத சீர்மம் கட்டாயம் உண்டு.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ல ஒரு லைப்னிட்ஸ் இயற்கணிதம் என்க. க·க என்ற வடிவிலுள்ள வர்க்கங்கள் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் உள்வெளியை வ என்று குறிப்போம். முற்றொருமையில் த-வின் இடத்தில் க-வையே வைத்தால் க·(க·ப) = (க·க)·ப + க·(க·ப); அதாவது (க·க)·ப = 0. ஆகவே வ·ல = 0. மறுபக்கம் த·(க·க) = (த·க)·க + க·(த·க); இது இரண்டு உறுப்புகளின் கூட்டலின் வர்க்கத்திலிருந்து தனித்தனி வர்க்கங்களைக் கழித்தால் வருவது, எனவே வ-வுக்குள் இருக்கிறது. வ ஒரு சீர்மம், அதன் வர்க்கம் சுழி, ல/வ ஒரு லீ இயற்கணிதம். லைப்னிட்ஸ் இயற்கணிதம் லீயிலிருந்து விலகும் அளவு முழுவதும் இந்த ஒரு சீர்மத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இதிலிருந்து ல தீர்க்கத்தக்கதா என்ற கேள்வி ல/வ தீர்க்கத்தக்கதா என்ற கேள்வியாகவே மாறுகிறது. வ எப்போதும் ராடிக்கலுக்குள் இருப்பதால், லீ அல்லாத எந்த லைப்னிட்ஸ் இயற்கணிதத்துக்கும் ராடிக்கல் சுழியாகாது. சீர்மங்கள் 0, ல மட்டுமே என்று பழைய வரையறையை அப்படியே வைத்துக்கொண்டால், வ சுழியாக வேண்டும் அல்லது ல-வாக வேண்டும்; வ = ல என்றால் வ·ல = 0 என்பதிலிருந்து எல்லாப் பெருக்கற்பலனும் சுழியாகி, வர்க்கங்களும் சுழியாகி, வ-வே சுழியாகிவிடும். ஆக, பழைய வரையறை லீ இயற்கணிதங்களைத் தவிர வேறெதையும் அனுமதிக்காது. அதனால்தான் ‘0, வ, ல ஆகியவற்றைத் தவிர வேறு சீர்மம் இல்லை, ல·ல என்பது வ அல்ல’ என்று வரையறையைத் தளர்த்தினார்கள். சுவடு சுழியான 2×2 அணிகளின் லீ இயற்கணிதத்தையும், பரிமாணம் 1-ஐ விட அதிகமான, மேலும் பகுக்க முடியாத அதன் மாடியூல் (அது நேரியலாகச் செயல்படும் வெளி) ஒன்றையும் எடுத்து, மேலே ஹைசன்பெர்க்குக்குச் செய்ததுபோல் இடப்பக்கச் செயல் மட்டும் கொடுத்து ஒட்டுங்கள். மாடியூல்தான் வ, களத்தின் சிறப்பியல்பு எண் சுழியானால், முழு அமைப்பும் புதிய பொருளில் எளியது.

இன்னொரு கருவியையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் இடப்பெருக்கலை ஒதுக்கும் சார்பு, ல-விலிருந்து நேரியல் உருமாற்றங்களின் லீ இயற்கணிதத்துக்குச் செல்லும் ஹோமோமார்ஃபிசம். அதன் உட்கரு, இடப்பக்கம் நின்று எல்லாவற்றையும் சுழியாக்கும் உறுப்புகள். அந்த உட்கருவின் வர்க்கமும் சுழியே. எனவே ல தீர்க்கத்தக்கது என்பதும், இடப்பெருக்கல்களின் லீ இயற்கணிதம் தீர்க்கத்தக்கது என்பதும் ஒன்றே. சிறப்பியல்பு எண் சுழியான, இயற்கணித மூடுதலுள்ள களத்தின் மீது, லீயின் தேற்றத்தைக் கைமாற்றாமல் இங்கே பயன்படுத்தலாம்: இடப்பெருக்கல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேல் முக்கோண அணிகளாகின்றன. ல·ல-வின் உறுப்புகளின் இடப்பெருக்கல்களில் மூலைவிட்டம் சுழி. லைப்னிட்ஸில் எந்த அடைப்பு முறையும் இடப்பெருக்கல்களை அடுக்கிய வடிவங்களின் சேர்க்கையாக எழுதப்படக்கூடியது என்பதால், ல·ல நில்பொடென்ட் என்பது உடனே வந்துவிடுகிறது.

மறுமொழி 3: ஏழாம் பரிமாணம்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எளிய, அரை-எளிய என்ற சொற்களை லைப்னிட்ஸுக்குத் தளர்த்திப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. ராடிக்கல் = வ என்றால் அரை-எளியது என்பதே வழக்கிலுள்ள வரையறை. இதைப் படிப்பவர் அரை-எளியது எளியவற்றின் நேர்க்கூட்டலாகப் பிரியும் என்று பழக்கத்தால் எடுத்துக்கொள்வார். அது நடக்காது. சுவடு சுழியான 2×2 அணிகளின் இயற்கணிதத்தின் இரண்டு பிரதிகளை எடுத்து, ஒவ்வொன்றின் இரு பரிமாண மாடியூலையும் டென்சர் பெருக்கினால் நான்கு பரிமாண மாடியூல் ஒன்று கிடைக்கும். அதை இடப்பக்கச் செயலோடு ஒட்டினால் மொத்தம் 10 பரிமாணம். முதல் பிரதியைத் தன் ஈவில் கொண்ட எந்தச் சீர்மமும், அந்தப் பிரதி மாடியூலின் மீது செயல்படுவதால், மாடியூல் முழுவதையும் விழுங்கிவிடும். இரண்டாம் பிரதிக்கும் அதே கதி. இரண்டு சீர்மங்களும் மாடியூலில் சந்தித்துக்கொள்வதால் நேர்க்கூட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் பார்வையில், ‘ல/வ அரை-எளியது’ என்று நேராகச் சொல்லிவிட்டு, அரை-எளிய லைப்னிட்ஸ் என்ற தொடரைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் வழக்கு ஊன்றிவிட்டது.

மால்ட்செவைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அங்கே எதிர்ப்பரிமாற்றுப் பண்பு அப்படியே இருக்கிறது, ஜேகோபிதான் தளர்கிறது. மால்ட்செவ் 1955-இல் பகுமுறை மூஃபாங் வளையிகளின் (சேர்ப்பு விதி தளர்ந்த, குலம் போன்ற அமைப்புகளின்) தொடு இயற்கணிதங்களாக இவற்றை அறிமுகம் செய்தார். இன்றைய பெயரைச் சேகிள் 1961-இல் வழங்கினார். லீ அல்லாதவற்றுள் தலையாய எடுத்துக்காட்டு, சுவடு சுழியான ஆக்டோனியன்களின் ஏழு பரிமாண வெளியில் க·த − த·க என்ற பெருக்கல். சிறப்பியல்பு எண் சுழியான, இயற்கணித மூடுதலுள்ள களத்தின் மீது, லீ அல்லாத, முடிவுறு பரிமாணமுள்ள எளிய மால்ட்செவ் இயற்கணிதம் இது ஒன்றே.

சீர்மங்களுக்கு இங்கே பயன்படுவது சேகிளின் முற்றொருமை. சிறப்பியல்பு எண் 2 அல்லாதபோது அது மால்ட்செவின் முற்றொருமைக்குச் சமானம்:

(க·ப)·(த·ம) = ((க·த)·ப)·ம + ((த·ப)·ம)·க + ((ப·ம)·க)·த + ((ம·க)·த)·ப.

க, த இரண்டும் சீர்மம் ச-வில் இருக்கட்டும். ப, ம எவையாயினும் ஆகட்டும். இடப்பக்கம் முழுவதும் ச·ச-வில் இருக்கிறது. வலப்பக்கத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் ச·ச-வில் இருக்கின்றன. நான்காவது (ச·ச)·அ-வில் இருக்கிறது. ஆகவே முதல் உறுப்பாகிய ((க·த)·ப)·ம என்பதும் ச·ச + (ச·ச)·அ என்ற கூட்டலுக்குள் அடங்கியாக வேண்டும். அதாவது ச·ச சீர்மம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாவிட்டாலும், அதை ஒரே ஒரு முறை அ-வால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டால் சீர்மம் கிடைத்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு படியிலும் சேர்த்துக்கொண்டே போகும் வரிசை, சாதாரண வரிசையைவிட மெதுவாகத்தான் இறங்கும். அது சுழியை அடைந்தால் சாதாரண வரிசையும் சுழியை அடையும். ஒரு கட்டுரையில் தீர்க்கத்தக்க என்ற சொல்லைக் கண்டால் இரண்டில் எந்த வரிசை என்று முதலில் தேடிப் பாருங்கள்.

ஃபிலிப்போவ் 1985-இல் கொண்டுவந்த, இரண்டுக்குப் பதிலாகப் பல உறுப்புகளைப் பெருக்கும் லீ இயற்கணிதங்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். மூன்றை ஒன்றாகப் பெருக்கும்போது, சீர்மத்திலிருந்து மூன்றையும் எடுக்க வேண்டுமா, அல்லது இரண்டைச் சீர்மத்திலிருந்தும் ஒன்றை வெளியிலிருந்தும் எடுக்கலாமா? மூன்று பரிமாணத்தில் [க, த, ப] = க என்ற ஒரே பெருக்கலை எதிர்ச்சமச்சீராக எடுத்தால், க, த இரண்டும் உண்டாக்கும் சீர்மத்துக்குள் மூன்றையும் எடுத்துப் பெருக்கினால் சுழி; ப-வை வெளியிலிருந்து எடுத்தால் க வந்துவிடுகிறது. இரு விதமாகவும் தீர்க்கத்தக்க தன்மையை வரையறுத்திருக்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல.

இடப்பெருக்கல்

ஆறு பரிமாண எடுத்துக்காட்டைக் கையால் சரிபார்த்தேன், தெளிவாக இருக்கிறது. கடைசியாக ஒன்று மட்டும். லெவி பிரிப்பு லைப்னிட்ஸுக்கு உண்டா? உண்டென்றால், லீயில் போலவே வெவ்வேறு லெவி உள்-இயற்கணிதங்கள் உள் தன்னுருமாற்றங்களால் ஒன்றிலிருந்து மற்றொன்றாகுமா?

மறுமொழி 4: வலக்கை வாய்பாடு

பிரிப்பு உண்டு. சிறப்பியல்பு எண் சுழியானபோது, முடிவுறு பரிமாணமுள்ள லைப்னிட்ஸ் இயற்கணிதம், தன் ராடிக்கலும் ஓர் அரை-எளிய லீ உள்-இயற்கணிதமும் சேர்ந்த நேர்க்கூட்டல் வெளியாக அமைகிறது என்பதைப் பார்ன்ஸ் 2012-இல் வெளியிட்டார். மால்ட்செவ் இயற்கணிதங்களுக்கு இதற்கு நேரான தேற்றம் 1970-களிலேயே வந்துவிட்டது.

இரண்டாம் பகுதிக்கு விடை, ஆகாது என்பதே. சுவடு சுழியான 2×2 அணிகளின் இயற்கணிதம் க, த, ... என்ற உறுப்புகளோடு இருக்கட்டும். மாடியூலாக அதே இயற்கணிதத்தின் இன்னொரு பிரதியை எடுங்கள். உறுப்புகளை (க, ப) என்ற இணைகளாக எழுதினால், பெருக்கல் (க, ப)·(த, ம) = ([க, த], [க, ம]). ஓர் எண் எ-வை நிலையாக வைத்து, (க, எக) என்ற வடிவிலுள்ள இணைகளை எல்லாம் பாருங்கள். (க, எக)·(த, எத) = ([க, த], எ[க, த]); எனவே ஒவ்வோர் எ-வுக்கும் ஒரு லெவி உள்-இயற்கணிதம் கிடைக்கிறது, களம் முடிவிலியானதால் எண்ணற்றவை. லீ இயற்கணிதத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துவது ராடிக்கலின் உறுப்புகளுடைய இடப்பெருக்கல்களின் அடுக்குக்குறி (எக்ஸ்பொனென்ஷியல்). இங்கே ராடிக்கல் என்பது (0, ப) வடிவ இணைகள். அவற்றின் இடப்பெருக்கல் சுழி. அடுக்குக்குறி அடையாள உருமாற்றம். அது எதையும் நகர்த்தாது. இரண்டாம் கூறை மட்டும் வேறோர் எண்ணால் பெருக்கும் தன்னுருமாற்றம், எ சுழியல்லாத லெவி உள்-இயற்கணிதங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அது ராடிக்கலிலிருந்து பிறந்ததல்ல, எ = 0 என்பதை அதனால் தொடவும் முடியாது.

வலப்பெருக்கல்களின் அடுக்குக்குறியை எடுத்தால் ஆகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இடப்பக்க லைப்னிட்ஸில் வலப்பெருக்கல் பொதுவாக டெரிவேஷன் அல்ல. அதன் அடுக்குக்குறி தன்னுருமாற்றமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த எடுத்துக்காட்டிலேயே (0, ப)-வால் வலப்பெருக்கிப் பாருங்கள்: (க, ம) என்பது (0, [க, ப]) ஆகிறது. இங்கே (0, ப) ஒவ்வொன்றும் முதல் கூறு முழுவதையும் (க, [க, ப]) என்ற வடிவுக்கு நகர்த்துகிறது. ப சுழியல்லாதபோது அந்த வடிவிலுள்ளவை உள்-இயற்கணிதமாக, எல்லாக் க, த-க்கும் [[க, த], ப] = [க, [த, ப]] என்றிருக்க வேண்டும்; த = ப என்று வைத்தால் வலப்பக்கம் சுழி, இடப்பக்கம் [[க, ப], ப]. ப மூலைவிட்ட அணியாகவும் க மேல்மூலையில் மட்டும் 1 உள்ள அணியாகவும் இருந்தால் இடப்பக்கம் சுழியல்ல. மற்ற ப-க்களுக்கு நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம்.